முதல் வரி மட்டும்

நான் எழுதிய மூன்று கம்ப்யூட்டர் ஃபங்ஷன்களை ஒரு காலத்தில் ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒன்பது வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் சி மொழி நடத்தினேன். கடைசி வருடங்களில் டேட்டாபேஸும் என் தலையில் விழுந்தது. சி-யில் எழுதிய புரோகிராம் டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி கேட்பதென்பது தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்குவது மாதிரி. திறக்க வேண்டும், கேள்வியைத் தயார் செய்ய வேண்டும், விவரங்களைப் பொருத்த வேண்டும், பதிலை வரி வரியாக வாங்க வேண்டும், மூட வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிழை வந்ததா என்று வேறு பார்க்க வேண்டும். லேபில் பிள்ளைகள் அழாத குறை. பாஸானால் போதும் என்று அத்தனையையும் உள்ளே மறைத்து எடுத்துப் பயன்படுத்தத் தோதாக ஒரு சின்ன புரோகிராம் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், எழுதிக் கொடுத்தேன். திற, கேள், மூடு என்று மூன்றே ஃபங்ஷன். அவ்வளவுதான். ‘கேள்’ என்பதிடம் கேள்வியைக் கொடுத்தால், முதலில் கிடைக்கும் வரியைக் கொண்டுவந்து தரும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “மேடம், பதில் ரெண்டு வரி வந்தா?”

“வராது. வர்ற மாதிரி கேக்காதீங்க. உக்காருங்க.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள்.

சேர்க்கை இல்லாமல் கல்லூரியை மூடினார்கள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேக்கரி மாடியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தேன். எம்.இ. படித்த நான் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மெடிக்கல் ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டு நாள் முழுக்க போன் அடிக்கும். முதலாளிக்குத் தலைவலி.

“பாஸ்போர்ட் நம்பரை எவன்மா மனசுல வச்சிருக்கான்? பேரையும் பொறந்த தேதியையும் போட்டா ரிசல்ட் வர்ற மாதிரி பண்ணும்மா” என்றார்.

என் பழைய லைப்ரரியைத் தூசி தட்டினேன். ஒரே நாளில் முடித்துவிட்டேன். ஆபீஸே வாயைப் பிளந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீஸ் மூலமாக என் அண்ணனுக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை அமைந்தது. கீரமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அவன் ஊரில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். விசா வந்துவிட்டது, மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. மகள் பிறந்து ஏழு மாதம். போவதற்குள் ஆசை தீரத் தூக்கிக்கொள்கிறேன் என்று பிள்ளையைக் கீழே இறக்கவே மாட்டான்.

ஒருநாள் போன் செய்தான். “என்னத்தா, வந்துருச்சா?”

பெயரையும் தேதியையும் தட்டினேன். அன்ஃபிட், நெஞ்சில் நிழல் என்று வந்தது. டி.பி.யாக இருக்கலாம் என்று அர்த்தம். என் வாயால்தான் சொன்னேன்.

“எதுக்கும் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பாருண்ணே.”

“ஆஸ்பத்திரில போயி நின்னா ஊருக்கே தெரிஞ்சுரும். வேணாம், விடு.”

நானும் விட்டுவிட்டேன். என் புரோகிராம் சொன்னதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்றிலிருந்து அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். படுக்கை மோட்டார் கொட்டகையில். ஏதோ பச்சிலைச் சாறு குடித்தான். பிள்ளை அவனைப் பார்த்ததும் கையை நீட்டி அழும். “தூக்கிட்டுப் போ அங்கிட்டு!” என்று அண்ணியிடம் கத்துவான். கத்திவிட்டு வயல் பக்கம் போய் நிற்பான்.

நாலு மாதம் கழித்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். அண்ணனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்.

“எனக்கு அன்ஃபிட்டுன்னு போன்ல சொன்னாங்க. வைத்தியத்துக்கு அந்த ரிசல்ட்டக் கேக்குறாங்க. பிரின்ட் போட்டுக் குடுங்க.”

பிரின்ட் எடுப்பதற்காக அட்டவணையை நேராகத் திறந்தேன். இரண்டு வரிகள் இருந்தன. இனிஷியல், பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒன்று. பாஸ்போர்ட் நம்பர்தான் வேறு. மேலே இருந்தது அவர், அன்ஃபிட். கீழே இருந்தது என் அண்ணன், ஃபிட். என் ‘கேள்’ மேல் வரியை மட்டும் கொடுத்திருக்கிறது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவனுக்காவது காவல் தெய்வத்தின் பெயர் இருக்கும். அப்பாக்களுக்கும் அதே கதை என்பதால் இனிஷியலும் ஒன்றாகிவிடும். தேதி தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பிள்ளைகளுக்கெல்லாம் தலைமையாசிரியர் ஜூன் ஒன்றாம் தேதியை எழுதிவிட்டார்; ஒரே வகுப்பென்றால் வருடமும் ஒன்றுதான். நானே தை மாதம் பிறந்தவள். என் சர்டிபிகேட்டிலும் ஜூன் ஒன்றுதான். வருடா வருடம் அன்றைக்கு பேங்கிலிருந்து வரும் பிறந்தநாள் வாழ்த்தைப் படித்துச் சிரிப்பேன். புரோகிராமுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியுமே. தெரிந்தும், வராது, உட்காருங்க என்று சொன்னவள் நான்.

முதலாளியிடம் போனேன். “அந்த விசால வேற ஆளு போயாச்சு. வீட்டுல ஒண்ணும் சொல்லிக்காதம்மா, ஆபீஸ் பேரு கெட்டுரும்” என்றார். ஆபீஸ் பேராம்! ஆனால் அவரைத் திட்டி என்ன செய்ய, எழுதியது நான்தானே. ‘வரி இருந்தால் எடு’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘இருக்கும்வரை எடு’ என்று மாற்றினேன். ஒரே ஒரு சொல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போனேன். அண்ணன் கொட்டகை வாசலில் தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒன்று விடாமல் சொன்னேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

“அப்ப எனக்கு நோயே இல்லையா?”

“இல்லண்ணே.”

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன். பிள்ளை சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தது. அவன் வாசலில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். பிள்ளை அவனை ஒருமுறை பார்த்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

நீட்டிய கையை அவன் மடக்கவில்லை.

“நான்தான் அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டேன்த்தா” என்றான்.