பிராக் நகரத்துல நான் வூட்டுக்குக் கூப்புட்ட பொம்பள

டீச்சர், நீங்க சயின்ஸ் எடுக்கறவங்க, பாதியில சிரிச்சீங்கன்னா அப்பிடியே எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா. பேயி, பிசாசு, காத்து கருப்புன்னு எவ வந்து சொன்னாலும் நிக்க வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்குன ஆளு நான். இருபத்தாறு வருசம் கிராமத்து நர்ஸு வேல. வத்தல்மலைக்கு ரோடு ஒழுங்கா இல்லாத காலத்துலயே ஏறி எறங்கி பிரசவம் பாத்திருக்கேன், பொணத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ்ல தர்மபுரி வரைக்கும் தனியா வந்திருக்கேன். அப்பிடிப்பட்டவ இன்னிக்கு டிக்கெட்டு கையில இருந்தும் பெட்டி கட்ட மனசு வராம உக்காந்திருக்கேன்னா பாத்துக்கங்க.

எம் பொண்ணு வினோ பிராக்ல இருக்குதில்லீங்களா, ஐரோப்பாவுல, செக் நாட்டுக்குத் தலைநகரம் அது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தலைப்பிரசவம். ஃப்ளைட்டுல ஏறக்கூடாதுன்னு அங்கத்த டாக்டரு சொல்லிட்டாங்க, அதனால நம்ம ஊரு பாப்பாரப்பட்டிக்குக் கூட்டியார முடியல, நானே கெளம்பிப் போனேன். போயி ஒரு மாசம். மாப்ள வேலைக்குப் போயிருவாரு, பொண்ணு வயித்தத் தள்ளிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கும், நான் செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கோ பேசாம இருந்தா சோறு எறங்காது. இங்க பால் வாங்கப் போனாலே பத்து பேருகிட்ட பேசிட்டுத்தான் வருவேன், அங்க எவங்கிட்ட பேசறது?

பொண்ணுக்கு என்னப் பாத்துப் பாவமாப் போச்சு. 'அம்மா, ஊர சுத்திப் பாத்துட்டு வா, கைடெல்லாம் வேணாம், நானே உனக்கு கைடு'ன்னு சொல்லி ஃபோன் மேப்புல நீலக்கோடு போட்டு ஏழு எடம் குறிச்சுக் குடுத்துச்சு. எடத்துக்கு ஒண்ணா ஏழு வாய்ஸ் மெசேஜும் அனுப்புச்சு. ஒவ்வொரு எடத்துலயும் நின்னு அந்தந்த நம்பரக் கேக்கணும், அவ்ளோதான். பிரசவத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது, மாப்ள மட்டும் அன்னிக்கு வேற ஊருக்கு ஆபீஸ் வேலையாப் போயிருந்தாரு. தனியா வுட்டுட்டுப் போலாமான்னு எனக்கு ஒரு மனசு. ஒண்ணும் ஆவாது போம்மான்னு அதுதான் வெளிய தள்ளிச்சு.

சொல்லப்போனா நல்லாத்தான் இருந்துச்சு. பழைய டவுன் சதுக்கத்துல ஒரு பெரிய கடியாரம், மணி அடிக்கறப்ப ஜன்னல் தொறந்து பொம்மைங்க வரிசையா சுத்துதுங்க, பக்கத்துல ஒரு எலும்புக்கூடு பொம்மை கயித்த இழுத்து மணியடிக்குது. 'அம்மா, மேல பாரு, எலும்புக்கூடு தெரியுதா, உனக்குத்தான் பயமே கெடையாதே'ன்னு காதுல எம் பொண்ணு சிரிக்குது. அப்புறம் சார்லஸ் பாலம். ரெண்டு பக்கமும் ஆளு உசரத்துக்கு மேல கருத்துப்போன சிலைங்க, கீழ ஆறு. 'நடுவுல நின்னு கோட்டையப் பாரு, அதுதான் ஏழாவது எடம், மெதுவா ஏறு, மூச்சு வாங்குனா உக்காந்துக்க'ங்குது. பொண்ணு கையப் புடிச்சிக்கிட்டு நடக்கற மாதிரிதான் இருந்துச்சு, பொய் சொல்லல.

பாலத்தத் தாண்டி கோட்டைக்கு ஏற சின்னச் சின்ன சந்து. மத்தியானம் மூணு மணி இருக்கும். திடீர்னு மழை புடிச்சிக்கிச்சு. கொடையும் இல்ல. ஒரு வூட்டு வாசக்கதவு தொறந்து கெடந்துச்சு, அதுல ஒண்டுனேன். உள்ள நீளமா ஒரு நடை, அதுல ரெண்டு நாற்காலி, ஒண்ணுல ஒரு பொம்பள. எம் வயசுதான் இருக்கும், அம்பத்தஞ்சு, சாம்பக் கலர்ல ஸ்வெட்டரு. என்னப் பாத்து வா வா உக்காருன்னு கையாட்டுச்சு. நல்ல மொகம். உள்ரூம்ல பேச்சு சத்தம், கருப்புச் சட்டைக்காரங்க நாலஞ்சு பேரு போறதும் வரதுமா இருந்தாங்க, ஏதோ விசேசம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். அங்க குளிருக்கு எல்லாரும் கருப்புதானே போடறாங்க.

ஒரு மாசமா அடைச்சு வெச்ச வாயி டீச்சர். எம் பேரு சரோஜான்னு நெஞ்சத் தொட்டுக் காட்டுனேன், அந்தம்மா சரோஜான்னு திருப்பிச் சொல்லுச்சு. அவ்ளோதான், கொட்ட ஆரம்பிச்சுட்டேன், எல்லாம் தமிழ்லதான். அதுக்கு எங்க புரியப்போவுது, ஆனா புரியற மாதிரியே மண்டய ஆட்டி ஆட்டிக் கேட்டுச்சு. எம் பொண்ணு, மாப்ள, எந்த டிராம் ஸ்டாப்புல எறங்கணும், எத்தனாவது மாடி, எப்ப பிரசவம், இடுப்புவலி வந்தா நான் எப்பிடி அடிமுதுகுல உள்ளங்கைய வெச்சு அழுத்தித் தேய்ப்பேன், எல்லாத்தையும் கையால செஞ்சு காட்டி சொல்லித் தொலைச்சேன். அந்தம்மா வாயி மட்டும் நான் சொல்றத சத்தமில்லாம சொல்லிச் சொல்லிப் பாத்துச்சு. அந்தப் பக்கம் போன ஒரு பையன் நின்னு என்ன ஒரு மாதிரியாப் பாத்தான். அவன் பார்வை எம் மேலதான் இருந்துச்சு, பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்ல. வெளியூர்க்காரின்னு பாக்கறான்னு வுட்டுட்டேன்.

மழை நின்னுச்சு. எந்திரிச்சு, நம்மூருப் பழக்கம், ரெண்டு கையும் கூப்பி 'போயிட்டு வரேங்க, நீங்களும் ஒரு நாளைக்கு வூட்டுக்கு வாங்க'ன்னு சொன்னேன். அந்தம்மா ஒரு தடவ தலையாட்டுச்சு. திரும்பி வாசலுக்கு வரேன், கதவுக்குப் பின்னாடி ஒரு மேசை, நான் நொழயறப்ப மறைஞ்சிருந்திருக்குது. அதுல மெழுகுவத்தி எரியுது, ஒரு ஃபோட்டோ, மூலையில கருப்பு ரிப்பன். ஃபோட்டோவுல அதே மொகம், அதே சாம்பக் கலரு ஸ்வெட்டரு.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. திரும்பிப் பாக்கறேன், ரெண்டு நாற்காலியும் காலி.

நம்ம பக்கம் எழவு வூட்டுக்குப் போனா போயிட்டு வரேன்னு யாராச்சும் சொல்லுவமா? சொல்லாம கொள்ளாம எந்திரிச்சு வந்துருவோம். வெவரந் தெரிஞ்ச நாள்ல இருந்து நானும் அப்பிடித்தான். சாவு வூடுன்னு தெரியாம, செத்தவங்ககிட்டயே வரேன்னு சொல்லி, வூட்டுக்கும் வான்னு கூப்புட்டு, அட்ரஸ வேற குடுத்துட்டு வந்திருக்கேன். அய்யோன்னு ஒரே ஓட்டம். பாலத்துகிட்ட வந்துதான் ஃபோனப் பாக்கறேன், பொண்ணுகிட்ட இருந்து பதினோரு மிஸ்டு கால். அந்த வூட்டுக்குள்ள ஒரு தடவகூட அடிக்கல. பத்து நிமிசம் உக்காந்தேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன், ஒன்றர மணி நேரம் போயிருக்குது.

திருப்பி அடிச்சா எடுக்கல, வூட்டுக்கு ஓடுனா ஆளில்ல, மாப்ளைக்கு ஃபோன் போட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்றப்ப பாப்பா பொறந்து துணியில சுத்தி வெச்சிருக்காங்க. பொம்பளப் புள்ள. அழுதுட்டேன். எத்தன ஊரு புள்ளைங்களுக்குப் பிரசவம் பாத்தேன், சொந்தப் பொண்ணு கத்தறப்ப பக்கத்துல இல்லாமப் போயிட்டேனேன்னு. வினோ என் கையப் புடிச்சிக்கிட்டு, 'எதுக்கும்மா அழுவற, நீதான் ஆள அனுப்பிட்டியே'ங்குது. எந்த ஆளுன்னேன். வலி வந்து, ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டுட்டு ஹால்ல வுழுந்து கெடந்துச்சாம். கதவு தட்டுற சத்தம், தவழ்ந்து போய்த் தொறந்தா ஒரு பொம்பள, சரோஜான்னு எம் பேரச் சொல்லிட்டு உள்ள வந்துச்சாம். ஆம்புலன்ஸ் வர வரைக்கும் அடிமுதுகுல உள்ளங்கைய வெச்சு அழுத்தித் தேய்ச்சு வுட்டுச்சாம். 'உன்ன மாதிரியேம்மா, அதே எடம், அதே அழுத்தம்'ங்குது. ஆம்புலன்ஸ்ல மட்டும் ஏறலையாம். நல்லா வளத்த பொண்ணு பாருங்க, அந்த வலியிலயும் 'கண்டிப்பா மறுபடி வாங்க'ன்னு சொல்லி அனுப்புச்சாம்.

அந்தம்மா இல்லேன்னா தாயும் புள்ளையும் என்ன ஆயிருப்பாங்கன்னு நர்ஸு எனக்குத் தெரியாதா? கையெடுத்துக் கும்புடணும். ஆனா கும்புட்டா எங்க அதையும் அழைப்புன்னு எடுத்துக்குமோன்னு பயம். பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லல. மூணு மாசம் இருந்தேன், அந்தப் பாலத்துப் பக்கம் தல வெச்சுப் படுக்கல. ஊருக்கு வந்ததும் யாருக்கும் சொல்லாம தீர்த்தமலைக் கோயிலுக்குப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்தேன். நான் போனேன்னா நம்புவீங்களா?

இப்ப வினோ மறுபடி மாசமா இருக்குது. போவ மனசில்லாம, விசா இழுக்குதுன்னு ஏதோ பொய் சொல்லி நாளத் தள்ளிக்கிட்டிருந்தேன். போன ஞாயித்துக்கெழம ஃபோன்ல, 'நீ ஒண்ணும் அலையாதம்மா, அன்னிக்கு நீ அனுப்புனியே, அந்தம்மா பிரசவத்துக்குக் கூட இருக்கேன்னு சொல்லிட்டாங்க'ங்குது. வாரத்துக்கு ரெண்டு நாளு வருதாம் டீச்சர். பாப்பாவக் குளிப்பாட்டி, கையி காலெல்லாம் உருவி வுட்டுட்டுப் போவுதாம். உங்கிட்ட சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியேன்னுதான் சொல்லலம்மான்னு சிரிக்குது. அவங்க பாஷ உனக்கு எப்பிடிடி புரியுதுன்னேன்.

'தமிழ்தாம்மா பேசறாங்க. நம்மூருப் பேச்சு, வூடுன்னுதான் சொல்றாங்க. நீதான் ஒரு நாளு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தியாம்.'

மாப்ளைக்குத் தனியா ஃபோன் போட்டேன். 'எந்தம்மா அத்தை? வூட்டுக்கு யாரும் வரதில்லீங்களே'ங்கறாரு.

அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. எம் பொண்ணு பிரசவத்துக்கு நான் போவாம வேற எவ போறதுன்னு ஒரு ரோசம் வந்துருச்சு, காலைல மொத வேலையா டிக்கெட்டு போட்டேன். வர வியாழக்கெழம ஃப்ளைட்டு. வினோவக் கூப்புட்டு நான் வரேன்டின்னு சொன்னேன். சந்தோசப்படும்னு பாத்தா, கொரலத் தாழ்த்திக்கிட்டு கேக்குது டீச்சர்:

'வரியாம்மா? நீ எங்க படுப்ப? அந்த ரூம அவங்களுக்குக் குடுத்துட்டேனே.'