மெர்சியின் நீல பக்கெட்

இன்று காலை குளியலறையில் நீல பக்கெட்டின் அடி விட்டுப்போயிற்று. "தூக்கிப் போடு, எந்தக் காலத்துக் குப்பை" என்றார் கணவர். எனக்கு மட்டும் சோப்பு வாசனையை மீறி, கழிமுகச் சேற்றின் அழுகின முட்டை நாற்றம் அடித்தது.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நானும் மெர்சியும் எம்.ஃபில். படித்தோம். ஆற்றுமுகச் சேற்றில் படியும் ஈயமும் துத்தநாகமும் அதற்குள் வாழும் புழுக்களை எப்படிக் கொல்கின்றன என்பது ஆராய்ச்சி. என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா, "கெமிஸ்ட்ரி படிக்கிறா" என்று கூசாமல் புளுகுவாள்.

கோவளம் பக்கத்துச் சுத்தமான சேறு ஒரு தொட்டியில், உலோகம் கலந்த சேறு இன்னொன்றில். சுத்தச் சேற்றில் புழு பிழைத்தால்தான் மற்றதில் செத்ததற்கு மதிப்பு. அந்தச் சுத்தத் தொட்டிக்குக் கண்ட்ரோல் என்று பெயர். என் புழுக்கள் பாரபட்சம் பார்க்காமல் இரண்டிலும் சாகும். மெர்சியுடையவை விட்ட அரைமணியில் துளை போட்டுக் குடித்தனம் தொடங்கிவிடும். "மெர்சியப் பாத்துக் கத்துக்கோம்மா" என்பார் எங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய சார். எனக்கு வயிறு பற்றி எரியும். பிஎச்.டி.க்கு இருந்ததோ ஒரே இடம்.

கடைசிச் சோதனையின்போது அவளுக்குக் காய்ச்சல். அவளுக்காகச் சேறு எடுக்க அட்டெண்டர் கன்னியப்பன் போனார். அப்போது மெர்சியுடையதாக இருந்த இந்த நீல பக்கெட்டின் கைப்பிடி வழியிலேயே பிய்ந்துவிட, டீக்கடையில் தகர வாளி இரவல் வாங்கிச் சேற்றை அதிலேயே இரண்டு நாள் வைத்திருந்தார். துத்தநாகம் பூசிய வாளி. உப்புத் தண்ணீரில் பூச்சு கரைந்து இறங்கும். சேற்றை அவர் பக்கெட்டுக்கு மாற்றும்போது நான் பார்த்துவிட்டேன்.

"இன்னாம்மா அப்டி பாக்கற? சேறுதானே?"

"ஒண்ணுமில்ல கன்னியப்பன்" என்றேன்.

மெர்சி காய்ச்சல் விட்டு வந்தாள். அவளுடைய சுத்தச் சேற்றுப் புழுக்கள் அத்தனையும் மேலே வந்து நெளிந்து செத்தன. "கண்ட்ரோலே செத்துப்போனா மத்தது எதுக்கும்மா?" என்றார் சார். அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு அழுதாள். என் புழுக்கள், பாழாய்ப்போனவை, அந்தத் தடவை பார்த்துச் சுத்தச் சேற்றில் பிழைத்துத் தொலைத்தன. இடம் எனக்கு.

சிட்லபாக்கத்தில் டீச்சர் வேலைக்குப் போகுமுன் மெர்சி தன் பக்கெட்டை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு ராசியில்லப்பா. உன் புழுவாவது இதுல பொழைக்கட்டும்."

தகர வாளி விஷயத்தைச் சொல்லாமலே பக்கெட்டை வாங்கிக்கொண்டேன். இப்படிக் கொடுக்க ஒருத்திக்கு எப்படி மனசு வருகிறது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன், பாருங்கள். அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை.

போன மாதம் மாணவிகளோடு அதே கோவளம் கழிமுகத்துக்குப் போனேன். நானும் மெர்சியும் முழங்கால் புதைய நின்ற திட்டைக் காணோம். கரையோரம் அள்ளிய சேறு தார் மாதிரி கறுத்திருந்தது. நாலு தடவை சலித்தும் ஒரு புழு இல்லை.

"மேடம், அப்ப கண்ட்ரோலுக்கு எந்த எடத்துச் சேறு எடுக்கறது?" என்றாள் ஒருத்தி.

மெர்சி இருந்தால் எங்காவது கண்டுபிடித்திருப்பாள் என்று தோன்றியது. இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிந்தது.