கோடு மாறிய மரத்தோடு செமிலிங்குக்கு

ஐம்பத்து நான்கு வயதில் ஓவியன் ஆவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'உனக்கு நல்ல எதிர்காலம் உண்டு' என்று சொல்லி யாரும் பயமுறுத்த மாட்டார்கள். எனக்குப் பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

செமிலிங்கில் பஷீர் அண்ணன் தன் சாப்பாட்டுக் கடையின் மாடியில் சின்னதாக ஓர் ஓவியக்கூடம் நடத்துகிறார். போன சனிக்கிழமை மாலை மூன்றரைக்கு அங்கே எட்டுப் பேரின் படங்களோடு கண்காட்சி திறப்பு. எட்டாவது ஆள் நான். என் படத்தில் இருப்பவர் என் அக்கா ரீத்தா. பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பால்மரம் சீவியவர். படத்தில் அவர் ஒரு பால்மரத்தோடு நிற்கிறார். மரத்தில் சீவிய கோடு, கோட்டின் முனையில் பால் சொட்டும் மங்குக் கிண்ணம்.

"என்னை எதுக்குடா வரையிற, வேற ஆளு கிடைக்கலியா?" என்று முதலில் அலுத்துக்கொண்ட அக்கா, அடுத்த ஞாயிறே மாதா கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். புதுப் புடவை எடுத்தார். பதினான்கு பெண்களோடு வேன் பிடித்து வருவதாக ஏற்பாடு. அவர்களில் பன்னிரண்டு பேர் மரம் சீவியவர்கள். இந்தக் கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் கார் பட்டறையில் கிடந்தது. சட்டம் போடக் கொடுத்த படமோ அன்று காலையில்தான் கைக்கு வந்தது. ஆகவே கூலிமில் மதியம் 1.10க்கு வாடகைக் கார் பிடித்தேன். செமிலிங்குக்கு 52 கிலோமீட்டர், 58 ரிங்கிட். படத்தைப் பின்னிருக்கையில் படுக்க வைத்துவிட்டு, நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுநர் அறுபதைத் தாண்டியவர், நல்ல பேச்சுக்காரர். பாடாங் செராய் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது தம்பி?"

"நான்தான்" என்றேன், அடக்கமாக இருக்க முயன்று தோற்றுப்போய்.

"மூஞ்சி நல்லா வந்திருக்கு. ஆனா கோடு மாறிக் கெடக்கே லா."

"எந்தக் கோடு?"

"மரத்துல சீவுன கோடு. மரத்துக்கு முன்னால நின்னா, இடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ எறங்கணும். அப்பதான் பால் நெறைய வரும். நீங்க வலப்பக்கம் தொடங்கிட்டீங்க. நான் செர்டாங் தோட்டத்துல பதினேழு வருசம் சீவுனவன். இப்படிச் சீவுனா வேலைய மேற்பார்க்கிற கிராணி ஏசியே கொன்னுடுவாரு."

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"செமிலிங்குக்குப் படம் பார்க்க வேற யாரு லா வருவாங்க?"

விளக்கு பச்சையானது. எனக்கு மட்டும் சிவப்பாகவே நின்றது.

கைப்பேசியில் மூலப் புகைப்படத்தைத் தேடி எடுத்தேன். மரத்தடியில் அக்கா தானே எடுத்து அனுப்பிய செல்ஃபி. அவருடைய கைப்பேசி, கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிச் சேமித்து வைக்கும் ரகம். சட்டையில் அச்சடித்த கோயில் பெயரே பின்னாலிருந்து முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வரையும்போது எழுத்துப் போடுவது தொல்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். எச்சரிக்கைப் பலகையை அழித்துவிட்டுப் பள்ளத்தை மட்டும் பார்த்து வரைந்த புத்திசாலி நான்.

படத்தைத் தலைகீழாக மாட்டினால் என்ன? சுங்கைப் பட்டாணி வரும்வரை ஒரு ரசீதின் பின்பக்கம் கோடு கிழித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்கா தலைகீழாக நிற்பார். கோடு அப்போதும் அதே பக்கம்தான் சரியும். திருப்பிய திருப்பில் ரசீது கசங்கிப்போனது. வழியில் ஜெராய் மலை அழகாகத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

2.25க்குச் செமிலிங். மாடிக்கு ஓடி, படத்தைக் காட்டி, இதை மாட்ட வேண்டாம் என்று பஷீர் அண்ணனிடம் கெஞ்சினேன்.

"பேரு, விவரம் எல்லாம் செவுத்துல ஒட்டியாச்சு. படம் இல்லேன்னா ஆணி மட்டும்தான் தெரியும். கேக்கிறவங்களுக்கு நான் ஆணியப் பத்தியா பேசுறது?"

சுவரில் ஒட்டிய விவரத்தைப் படித்தேன். 'பால்மரங்களோடு வளர்ந்தவர்.' நானே எழுதிக் கொடுத்த வரி. உண்மையில் அக்கா மரம் சீவப் போன நேரங்களில் நான் போர்வைக்குள் இருந்தேன்.

பூசித் திருத்தலாம் என்றால் கையில் தூரிகை இல்லை. சக கலைஞர்களில் ஒருவர், ஜெராய் மலையை மட்டுமே பதினேழு முறை வரைந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "மரத்தை எடுத்துட்டு மலையப் போடுங்களேன்" என்றார். கடைசியில் பஷீர் அண்ணனே கீழே கல்லாப் பக்கம் இருந்த பெரிய குரோட்டன் செடியைச் சட்டியோடு தூக்கி வந்து படத்துக்கு முன்னால் வைத்தார். கோடு மறைந்தது. மாடி முழுக்கக் கோழிக் குழம்பு வாசம்.

3.40க்கு வேன் வந்தது. அக்கா புதுப் புடவையில் மாடியேறி நேராக என் படத்திடம் வந்தார்.

"யாருடா இங்க பூச்சட்டிய வச்சது? மரமே தெரியல."

நான் வாயைத் திறப்பதற்குள் சட்டியைக் காலால் நகர்த்திவிட்டார். பதினான்கு பேரும் பின்னால் கூடினார்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே ஆசை, கீழே போய் மேசை துடைக்கலாம் என்பதுதான்.

"ரீத்தா, இந்த மரத்த நீ எங்க சீவுன, சியாம்லயா?" என்றார் ஒரு பெண்மணி. சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. இன்னொருவர் சுவரில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். "'பால்மரங்களோடு வளர்ந்தவர்.' மரத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டே வளர்ந்திருக்காரு!"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தோழிகள் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் இன்னும் நெருங்கிப் போனார். தன் கன்னத்து மச்சத்தைத் தொட்டார். படத்தின் மச்சத்தைப் பார்த்தார்.

"எந்தப் போட்டோவுலயும் நான் யாரோ மாதிரிதான் இருப்பேன். மூக்கு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. ஐ.சி. அட்டையில இருக்கிறதுகூட நான் இல்ல. இதான் நான். காலைல கண்ணாடில பார்க்கிற ஆளு."

"மச்சமும் பக்கம் மாறிக் கெடக்கு ரீத்தா" என்றார் சியாம் பெண்மணி.

"ஒனக்கு அந்தப் பக்கம். எனக்கு இந்தப் பக்கம்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு வந்த நிம்மதி அரை நிமிடம் நீடித்தது.

"மரம் தப்புடா சவரி. அடுத்த சனிக்கிழம வந்து கோட்ட மாத்து. பக்கத்துல நாற்காலி போட்டு நான் ஒக்காந்திருப்பேன். மூஞ்சில கைய வச்ச, கைய முறிச்சிடுவேன்."

திரும்பும்போது அதே வேனில் இடம் கொடுத்தார்கள். இலவசம்தான். பதிலுக்குப் பாடாங் செராய் வரை கோடு கிழிப்பது எப்படி என்று பன்னிரண்டு பேரிடம் பாடம் கேட்டேன். ஒரு முகத்தை நாம் ஒரு பக்கமாகவும், முகத்துக்குரியவர் மறுபக்கமாகவும் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் என் திறமையால் அல்ல, கைப்பேசியின் தயவால்.

போக நினைப்பவர்களுக்கு: கண்காட்சி மாதக் கடைசி வரை உண்டு. கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கூடம் மூடியிருக்கும், ஆகவே சனியே உத்தமம். சுங்கைப் பட்டாணியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், வாடகைக் காருக்குப் பதினைந்து ரிங்கிட் ஆகும். நுழைவுக் கட்டணம் இல்லை. கீழே மீ கோரெங் ஏழு ரிங்கிட், அதைப் படம் பார்த்த பிறகு சாப்பிடுங்கள், எண்ணெய்க் கையோடு மாடியேறினால் பஷீர் அண்ணன் முறைப்பார். உங்கள் படத்தையே மாட்டப் போகிறீர்கள் என்றால் பையில் ஒரு தூரிகை இருக்கட்டும்.

இந்தச் சனிக்கிழமை போனால், மரத்தோடு மல்லுக்கட்டும் ஒருவனையும் அவனுக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண்மணியையும் பார்ப்பீர்கள். அவரிடம் தாராளமாகப் பேசலாம். மச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.