இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்

நான் சொன்னபடி செய்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது. இதை எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

தாராளமயம் வந்து, சித்தூர் பக்கம் குடிபாலாவில் எங்கள் தெருப் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிய காலம். நான் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் கம்ப்யூட்டர் பார்த்தேன். லாட்ஜிலும் சித்தூர் கிளையிலும் ரூம் பதிவு நடக்கும். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு மிஷின். புதிதாக வரும் பதிவை மட்டும் போன் லைன் வழியாக ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்.

இரண்டையும் மாற்றிப் புது மிஷின் வைக்க முடிவானது. திங்கள் காலை எட்டு மணிக்கு இரு ஊரிலும் பதிவை நிறுத்த வேண்டும், ஒரே நேரத்தில் நகல் எடுக்க வேண்டும், அதைத்தான் புதுசில் ஏற்ற வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சித்தூரில் நான் எட்டுக்கு எடுத்தேன். லாட்ஜில் முதலாளி. திங்கள் எட்டு மணி ராகு காலமாயிற்றே! மனுஷன் ஏழு மணிக்கே நகலை எடுத்து முடித்துவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

நடுவில் அந்த ஒரு மணி நேரத்தில், எங்கள் தெருக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு லாட்ஜ் மாடி முழுவதையும் சித்தூரில் பதிவு செய்திருக்கிறார். சித்தூர் நகலில் அது இருந்தது. லாட்ஜ் நகலில் இல்லை; போன் லைனில் அது போய்ச் சேர்ந்தது பழைய மிஷினுக்கு, நகல் எடுத்த பிறகு. லாட்ஜின் புது மிஷின் மாடி காலி என்றது, யாத்திரைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெண்வீட்டு வேன் வந்து நின்றது. பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார்.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்துக்கினு கீறாங்கம்மா. பொண்ண எங்க ஒக்கார வெப்பேன்?"

மிஷின் கோளாறு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடு என்றார் முதலாளி. நகல் எடுத்த நேரம் அதிலேயே பதிந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

"சார், ராகு காலம் பாத்தது நீங்க. ரூம் இல்லாம நிக்கிறது அவரு. உங்க வூட்டத் தொறங்க."

முதலாளியின் மனைவிதான் போய்க் கதவைத் திறந்தார்.

லாட்ஜுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் எங்கள் தெருக்காரர் யாரும் அதுவரை வாசற்படி தாண்டியதில்லை. அங்கே வேலை பார்த்த எனக்கும் தண்ணீர் வெளியேதான் வரும். அன்று சாயங்காலம் பெண் அவர்களுடைய பெரிய கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டாள். பின்னலைப் பிடித்துக்கொண்டு நான் அவள் பக்கத்தில் நின்றேன்.