ஐம்பது எம்எம்முக்குள் அடங்காத குடும்பம்

"வீட்டுக்குள்ள எடுக்க முப்பத்தைந்து எம்எம் லென்ஸ் வாங்கு" என்று இந்தப் புகைப்படக் குழுவில் எல்லோரும் சொன்னீர்கள். பின்னணி மங்கலாக வரும் ஆசையில் நான் ஐம்பது வாங்கினேன்.

இன்று அண்ணா கட்டாருக்குப் பயணம். உப்புவெளி வீட்டின் முன்னறையில் குடும்பப் படம் எடுக்க நின்றேன். முதுகு சுவரில் முட்டியும் அப்பாவும் அம்மாவும் மட்டுமே அடங்கினார்கள்.

"எல்லாரும் வெளிய முற்றத்துக்கு வாங்கோ."

"ஏலாது. பயணம் போறவன் படி இறங்கினா நிக்கக்கூடாது. உள்ளுக்கயே எடு" என்றார் அம்மா.

"சுவரை இடிச்சுப்போட்டு எடுடா, வாசல்ல வான்காரன் ஹோன் அடிக்கிறான்" என்றார் அண்ணா.

தனித்தனியாக எடுத்தேன். எல்லாம் அழகு. சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

பொக்கெட்டில் போன் இருந்தது வான் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஏசுகிறவர்கள் அவசரமில்லாமல் ஆறுதலாக ஏசுங்கள். அண்ணா வர இரண்டு வருடம் இருக்கிறது.