நான் தள்ளிவிட்ட தோணி

என் வாழ்நாளில் ஒரேயொரு களவில்தான் பங்குபற்றியிருக்கிறேன். அதையும் சீனி வருத்தத்துக்காகக் காலையில் நடக்கப்போன இடத்தில், சும்மா செய்துகொடுத்தேன்.

எங்கள் வாவிக்கரையில் ஒரு வழக்கம். யாராவது சேற்றிலிருந்து தோணி தள்ளினால், கரையில் நிற்பவர் கைகொடுக்க வேண்டும். ஆர், எவர் என்று கேட்பது மரியாதை இல்லை. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். என்றாலும் இரண்டு பேர் திணறுவதைக் கண்டதும் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தோணிக்குள் சாக்கால் மூடிய ஏதோ பாரம். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

தள்ளியதோடு வாயை மூடியிருக்கலாம். வாத்தியாருக்கு அது முடிகிற காரியமா? நடுவில் பாசி மண்டிக் கிடக்கிறது, தெற்கால் வளைந்துபோய் அக்கரையில், படுவான்கரைப் பக்கம், கண்டல் மரத்தில் கட்டினால் வெயிலும் படாது என்று வழியும் சொல்லிக்கொடுத்தேன். பெரிய உபகாரம் ஐயா என்றார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் என் தோள்பலத்தைப் பற்றித் தேத்தண்ணி ஆறும்வரை அளந்தேன்.

எட்டு மணிபோல் பக்கத்து வீட்டுக்காரி வளவில் நின்று அழுது குழறுவது கேட்டது. புருசன் இறந்தபிறகு தனியே தோணியில் போய் இறால் பிடித்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள் அவள். தோணியைக் காணவில்லை. வலையும் அதற்குள்ளேதான் கிடந்ததாம். தினமும் அந்தத் தோணியைக் கடந்துதான் நடக்கிறேன், ஆனால் எனக்கு எல்லாத் தோணியும் ஒன்றுதான். கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

பொலிஸில் கதைக்கத் தனக்குத் தெரியாது, நீங்களும் வாருங்கள் என்று அவள் கேட்டாள். மடிப்புக் குலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். தோணியை இரண்டு பேர் கொண்டுபோனதை வீதியில் நின்று கண்டதாகச் சொன்னேன். அடையாளம் கேட்டார் பொலிஸ்காரர். ஒருவனுடைய மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு என்றேன். எவ்வளவு தூரத்தில் நின்று கண்டீர்கள் என்று கேட்டார். நூறு யார் தூரம் என்றேன். அவர் என் மூக்குக்கண்ணாடியின் தடிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். எந்தப் பக்கம் போனார்கள் என்பதைக் கவனிக்கவில்லை என்றும் சொல்லி, கீழே வடிவாகக் கையெழுத்து வைத்தேன். கண்டதைக் கண்டபடி பொலிஸில் சொல்லவேண்டும் என்று ஊரில் எத்தனை பேருக்குப் புத்தி சொன்ன வாய் இது!

அன்று முழுக்க அவள் இந்தக் கரையிலேயே துறை துறையாகத் தேடித் திரிந்தாள். நான் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அடுத்த நாள் காலை, மனைவி இடியப்பத்தை வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நேத்துக் காலம்பற தோணி தள்ளினனெண்டு சொன்னீங்களே, அது ஆர்ர தோணி?"

இடியப்பத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பிக் கை கழுவினேன்.

திரும்பவும் பொலிஸ். இம்முறை பக்கத்து வீட்டுக்காரியை அருகில் வைத்துக்கொண்டே, தள்ளியது, வழி சொன்னது, கண்டல் நிழல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ்காரர் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்ப சேரைச் சாட்சியெண்டு எழுதவா, கூட்டாளியெண்டு எழுதவா?"

பின்னுக்கு இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மத்தியானமே தோணி கிடைத்தது. நான் சொன்ன அதே இடத்தில், சொன்னபடியே நிழலில் கட்டியிருந்தார்கள். என் வகுப்பில் ஒருவரும் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. வலைதான் இல்லை. நேற்றுப் பின்னேரம்வரை வலை தோணிக்குள்ளேதான் கிடந்தது, பொழுதுபடத்தான் ஓட்டோவில் ஏற்றினார்கள் என்று அங்கே மாடு மேய்த்தவர் சொன்னார். அது என் காதிலும் விழுந்தது, அவள் காதிலும் விழுந்தது. நான் முதல்நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால் வலை அவளுடையதாகவே இருந்திருக்கும். அவள் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் நடக்கப்போனபோது அவள் தனியே தோணி தள்ளிக்கொண்டிருந்தாள். கிட்டப்போக வெட்கப்பட்டு எட்டத்திலேயே நின்றுவிட்டேன்.

"என்ன சேர் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? இது என்ட தோணிதான். வந்து கைகுடுங்க."

ஓடிப்போய்த் தோள்கொடுத்தேன். அன்று மூன்று பேர் மூச்சுவாங்கத் தள்ளிய தோணி, உள்ளே வலை இல்லாததால் ஒரே தள்ளில் தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் ஒற்றைத் தூண்டிலோடு ஏறி இருந்து, திரும்பிப் பார்க்காமல் துடுப்பு வலித்துக்கொண்டு போனாள்.