துணிப்பையில் எடுபிடிகள்

பாலவனத்தம் தாண்டி விருதுநகர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. போய் இறங்க இடமில்லாதவனுக்கு அவசரம் என்ன என்றுதான் நடந்தேன். வெயிலில் வளைந்துவிடுமோ என்ற பயத்தில் நடுவழியில் நின்று, துணிப்பையிலிருந்த ஃபிளாப்பித் தட்டை எடுத்து இரண்டு கைலிகளின் மடிப்புக்கு நடுவே வைத்தேன். கறுப்புச் சதுரம், காகித உறை. அதில் இருந்த கம்ப்யூட்டர் நிரல்களில் ஒன்று நான் எழுதியது.

அதைத் தந்த டீச்சர் என்னைவிட இளையவர். நான் டீச்சர் என்பேன், அவர் அண்ணே என்பார். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையின் மாடியில், கடை முதலாளி வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு சேலைக்கு நெடுக்கே ஓடும் பாவுக்கு எவ்வளவு நூல், குறுக்கே ஓடும் ஊடைக்கு எவ்வளவு என்று அது சொல்ல வேண்டும். சொன்னால் மீதி நேரத்தில் டீச்சர் அங்கேயே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தலாம். சொல்லாவிட்டால் பெட்டியை விற்றுவிடுவேன் என்றிருந்தார் முதலாளி. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டு, லாரியில் லோடு ஏற்றி, ஓட்டலில் சப்ளையராக நின்றுவிட்டு வந்த நான், அங்கே பெருக்கவும் துடைக்கவும் சேர்ந்தேன். பத்தாவது தேறாதவனும் கீபோர்டைத் தொடலாம் என்று சொன்னவர் டீச்சர்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வரியாக அடித்து அப்போதைக்கப்போது விடை பார்க்கலாம். வசதிதான். ஆனால் ஒருமுறை கொடுத்த எண், மாற்றும்வரை உள்ளேயே கிடக்கும். முதலாளி பார்க்க வந்த அன்று, முந்தின நாள் பல சேலைக்கான ஒரு முழுப் பாவுக்குக் கொடுத்த நீளத்தை மாற்றாமலே டீச்சர் ஒற்றைச் சேலைக்குக் கணக்கை ஓட்டிவிட்டார்.

"ஒரு சேலைக்கா இம்புட்டு நூலு? தேருக்குச் சுத்தப் போறியளா?" முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "நேத்துத் தின்னத இன்னைக்கு ஏப்பம் விடுதும்மா ஒங்க பெட்டி. அடுத்த வாரம் வாரேன். அன்னைக்கும் ஏப்பம் விட்டா எடைக்குப் போட்ருவேன்."

அவர் இறங்கிப் போன பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் அழிச்சா நூலோட வெவரம் பூராவும் மறுபடி அடிக்கணும். அழிக்காட்டி இப்பிடி மானம் போகுது. நமக்கு எடுபிடி வேணும்ணே."

"நான் ஒருத்தன் நிக்கிறது பத்தலையா டீச்சர்?"

"ஐயோ, ஒங்களச் சொல்லலண்ணே! பெரிய கணக்கு அது பாட்டுக்கு ஓடட்டும். கூடமாட நின்னு எடுத்துக் குடுக்க, கழுவி வைக்க நாலு சின்ன ஆளு உள்ளேயே வேணும்."

போன இடமெல்லாம் என்னை எடுபிடி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதை ஒரு வேலையின் பெயராக, அது இல்லாமல் முடியாது என்ற தொனியில் கேட்டது அன்றுதான்.

நிரலின் கடைசியில் டீச்சர் அவற்றை எழுதினார். ஒவ்வொன்றும் சில வரிகள். இப்போது உள்ளே எந்தெந்த எண் கிடக்கிறது என்று ஒன்று காட்டும். நூல் விவரத்தைத் தொடாமல் சேலையின் அளவை மட்டும் ஒன்று துடைக்கும். ஒரு விசையைத் தட்டினால் போதும், ஓடிவரும். எனக்கும் ஒரு யோசனை வந்தது. ஓட்டலில், கேட்டதை ஒருதடவை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குக் குரல் கொடுப்போம். அதுபோல கணக்கை ஓட்டும் முன் இதுவும் ஒருதடவை கேட்டால் என்ன? "நீங்களே அடிங்கண்ணே" என்று டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன்.

மறுவாரம் முதலாளி வந்தார். சேலையின் நீளத்தையும் அகலத்தையும் காட்டி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, 'சரியா?' என்று கேட்டுவிட்டு நின்றது திரை. முதலாளி குனிந்து படித்தார். "சரிதான், போடு" என்று பெட்டிக்கே பதில் சொன்னார். விடை வந்ததும் மனதுக்குள் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். "பெட்டி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு டீச்சருக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. அவர் இடத்தில் முதலாளியின் மருமகன் வந்து உட்கார்ந்தார். எனக்கு மறுபடியும் விளக்குமாறுதான். கிளம்பிவிட்டேன். மெட்ராஸுக்குப் போகும் முன்பே டீச்சர் அந்தத் தட்டைத் தந்திருந்தார். "எடுபிடியெல்லாம் இதுல இருக்காகண்ணே. எங்க போனாலும் கூட்டிட்டுப் போங்க."

இப்போது என் மகள் திரையில் துண்டு துண்டாக நிரல் எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்துக்கு நோட்புக் என்று பெயராம். முதல் கட்டத்தில், காட்டவும் துடைக்கவும் சரிபார்க்கவும் தன் சில்லறை நிரல்களை இறக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறாள். "யுடிலிட்டிப்பா" என்றாள். "எடுபிடின்னு சொல்லு" என்றேன். என் தட்டைப் போட்டுப் பார்க்க இன்று வீட்டில் மெஷின் இல்லை. அலமாரியில் அதே காகித உறையில் இருக்கிறது.

தட்டோடு நடந்துபோன அன்று ராத்திரி விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் ஒரு பருப்பு மண்டிக்குள் எட்டிப்பார்த்தபோது, மூலையில் துணி மூடி ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. படியேறினேன்.

"என்ன வேல தெரியும்?" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"எடுபிடி வேல அண்ணாச்சி."

"மூட தூக்க ஆளு இருக்காகளேப்பா."

கைலி மடிப்புக்குள் கைவிட்டுத் தட்டை எடுத்தேன். "இவுக வேற எடுபிடி அண்ணாச்சி."

அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கம்ப்யூட்டரை மூடியிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டினார்.